ஜாம் போத்தல்

விளாத்தியடிக் குளத்துக் கட்டு
நீளம் இருநூற்றுப் பத்து மீற்றர்,
உயரம் என் தலைக்கு மேலே ஒரு முழம்.
கமநல சேவைப் பட்டியலில் அதற்கு இலக்கம் இருக்கிறது,
பெயரில் ஓர் எழுத்துப்பிழையும் இருக்கிறது.
வழுக்கியாற்றுக்குப் போகிற மழை
எங்களிடம் கொஞ்சநாள் தங்கிப் போகும்.
கட்டுக்குக் கீழே இருநூறு பரப்பு வயல்,
பதினேழு வீடு,
சுவரில் முயல் கீறிய பாலர் பாடசாலை.

நான் கமக்காரர் அமைப்பின் பொருளாளர்.
பொருள் இல்லாதபடியால்
கட்டில் நடந்து பார்க்கிற வேலையையும்
எனக்கே தந்தார்கள்.

மாரியில் கிழமைக்கு இரண்டு தரம்.
துருசில் சருகு அடைத்திருக்கிறதா,
வானுக்குக் குறுக்கே யாரும் மீன்பறி வைத்திருக்கிறார்களா
(குணரூபன் வைத்திருப்பான்),
புல்லுக்குள் அகிளான் வளை,
மாட்டுக் குளம்பு மிதித்த பள்ளம்.
கடைசியாக வெளிச்சரிவின் அடியில்,
சித்திரையிலும் பச்சை மாறாத அந்த ஒரு பாய் அகலத்தில்
குந்தியிருந்து
ஜாம் போத்தலில் கசிவைப் பிடிப்பேன்.
மண்கட்டென்றால் கசியும், அதில் வெட்கமில்லை.
தெளிவாய் வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது.
கலங்கி வந்தால்
கட்டும் கூடவே வெளிக்கிட்டுவிட்டது.

விளக்கீட்டுக்கு மறுநாள். மூன்றாம் நாள் மழை.
யன்னலில் வைத்த போத்தலில்
பிளேன்ரீ நிறம்.

உரப்பையில் களி நிரப்பிக்கொண்டு
ஊர் ஓடி வந்தது.
"ஓட்டையை அடையுங்கோ! இறுக்கி அடையுங்கோ!"
தலைவர் அமிர்தநாயகம்
குடையை விட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கியதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
வைதேகி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.
பாதி மழை, பாதி அவவின் குரல்:
"அடைக்காதேங்கோ!
அடைச்சா அது வேற வழி பாக்கும்.
தண்ணியை விடுங்கோ, மண்ணை மறியுங்கோ.
முதல் மணல். அதுக்கு மேல சல்லி. மேல கல்லு.
வானைத் துப்பரவாய்த் திறந்து விடுங்கோ."

மணல்.
மாரி இருட்டில் மணலுக்கு எங்கே போவது?
ஒருவரும் குணரூபனைப் பார்க்கவில்லை,
எல்லோருக்கும் தெரியும்
அவன் வளவில் ஒரு லோட் கிடக்கிறதென்று,
அத்திவாரத்தோடு நிற்கிற வீட்டுக்கு
நகை அடைவு வைத்துப் பறித்த மணல்.
அவன் முதலில் வானடிக்குப் போய்
சத்தமில்லாமல் தன் பறியைக் கழற்றினான்.
பிறகு வந்து,
"சவளைத் தாங்கோ" என்றான்.

கல்லை அடுக்கும்போது
ரோச் வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.
நேர் மேலே, கட்டின் முதுகில்,
வேப்பமரம் நின்ற இடம்.
மூன்று வருடத்துக்கு முன்னர் தறித்தோம்,
கட்டில் மரம் நிற்கக்கூடாதென்று தீர்மானம் போட்டு.
வேர் உள்ளேயே கிடந்தது,
உக்கி,
கை நுழைகிற அகலத்துக்கு வழி விட்டு.

விடியப்பறம் கூட்டக் கொப்பியைப் புரட்டினேன்.
"அடிக்கட்டை கிண்டி மண் இறுக்கல், ரூபா 8,500.
நிதி இன்மையால் பிற்போடப்பட்டது."
வடிவான கையெழுத்து.
என்னுடையது.

ஏழு மணிக்குப் பிடித்த போத்தல்
மங்கலாய் இருந்தது.
பத்து மணிக்குப் பிடித்ததில்
என் விரல் தெரிந்தது, நகத்துக்குள் கறுப்பும் தெரிந்தது.
தலைவர் கேட்டார், "இனிப் பயமில்லைத்தானே?"
"கோடையில வெட்டித் திறந்து கட்டவேணும்.
இப்ப எண்பதாயிரம் வரும்" என்றேன்.
"அடுத்த கூட்டத்தில கதைப்பம்" என்றார்.
"இல்லை, இப்ப கதைப்பம்" என்றேன்.
களிக் கையோடு கட்டிலேயே இருத்தினேன் எல்லோரையும்.
முதல் வரி:
குணரூபனுக்கு மணல், ஒரு லோட், கடன்.

யன்னலில் இன்னும் அந்த முதல் போத்தல்.
தண்ணீர் மேலே தெளிந்துவிட்டது,
அடியில் ஒரு கரண்டி சாம்பல் மண்.
கொண்டுபோய்க்
கட்டில் வைத்துக் காலால் அமத்தினேன்.
அதைக் கணக்கில் எழுதவில்லை.